ஊவாவின் வடக்கும் தெற்கும்

இலங்கையின் ஒன்பது மாகாணங்களுள் ஊவாவும் ஒன்று. 1886ஆம் ஆண்டிலே பிரித்தானியர் இதனைத் தனி மாகாணமாக வகுத்துப் பதுளையைத் தலைநகராக்கினர். இன்று இதனுள் இரண்டு மாவட்டங்கள் உள. வடக்கே பதுளை, தெற்கே மொனராகலை. ஒரே பெயரின் கீழ் வாழும் இவ்விரு பகுதிகளும் ஒன்றையொன்று அறியாத அயலார்போல இருப்பது ஏன்? மலைக்கு மேலிருப்போர் கீழிருப்போரையும், கீழிருப்போர் மேலிருப்போரையும் ஐயத்தோடு நோக்குவது ஏன்? இவ்வினாவுக்குச் சரித்திரத்தில் விடை தேட முற்படுகின்றோம்.

முதலில் நிலத்தை நோக்குவோம். கடல் மட்டத்திற்கு ஏறக்குறைய 1,400 மீற்றர் மேலே நிற்கும் அப்புத்தளை மலைத்தொடர், தெற்கே திடீரெனச் சரிந்து வெல்லவாய வெளியில் முடிகின்றது. பெரகலையிலிருந்து கொஸ்லாந்தை வழியாக இறங்கும் வீதியில் செல்வோர், மேலே போர்த்திய கம்பளியைக் கீழே கழற்றியே தீரவேண்டும். எங்கள் மீரியபெத்த அச்சரிவிலேதான் இருக்கின்றது. மேலே பார்த்தால் தேயிலை; கீழே பார்த்தால் வயலும் சேனையும் காடும். இரண்டு ஊவாக்களுக்கும் நடுவே ஒரு வாசற்படியில் நாம் வாழ்கின்றோம் என்றால் மிகையாகாது.

பதுளை மாவட்டத்தின் பரப்பு 2,861 சதுர கிலோமீற்றர். மொனராகலையின் பரப்பு 5,639 சதுர கிலோமீற்றர். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, பதுளையில் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோரும் மொனராகலையில் நாலரை இலட்சம் பேரளவிலும் வாழ்ந்தனர். நிலம் இருமடங்கு, மக்களோ ஏறத்தாழப் பாதி. தெற்கு வரண்ட வலயம், ஆதலால் அங்கே மக்கள் குறைவு என்று கூறி அமைவோர் உளர். அது பாதி உண்மையே. ஏனெனில் முற்காலத்தில் நிலைமை நேர்மாறாக இருந்தது.

பழைய உருகுணை இராச்சியத்தின் செழிப்பு இத்தென்பகுதியில் விளங்கிற்று. மாளிகாவிலையிலே ஒரே கல்லில் வடித்த மாபெரும் புத்தர் சிலை உண்டு. வெல்லவாயவுக்கு அருகே புதுருவாகலைப் பாறையில், நடுவே 15 மீற்றருக்கு மேற்பட்ட புத்தர் உருவமும் இருபுறமும் மகாயான உருவங்களுமாக ஏழு திருவுருவங்கள் நிற்கின்றன. பசித்த நாடு இத்தகைய பணிகளைச் செய்யாது. 'வெல்லஸ்ஸ' என்னும் பெயருக்கே இலட்சம் வயல்கள் உள்ள நாடு என்று பொருள் கூறுவர். அக்காலத்தில் சோறு விளைந்தது தெற்கில். வடக்கு மலைகளின் பெரும்பகுதி அடர்ந்த காடு.

பழைய நீர்ப்பாசன நாகரிகம் 13ஆம் நூற்றாண்டளவில் தளர்ந்தபோது தெற்கும் தளர்ந்தது. ஆயினும் வெல்லஸ்ஸ வயல்கள் மடிந்துவிடவில்லை. வடக்கும் தெற்கும் அன்று பிரிந்திருக்கவுமில்லை. 1630ஆம் ஆண்டில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா பதுளை வரை படையெடுத்து நகரை எரித்தான். திரும்பும் வழியில், வெல்லவாயப் பக்கத்தது எனக் கூறப்படும் ரந்தெனிவெலையில், அவனும் அவன் படையும் அழிந்தனர். மலையில் மூண்ட போர் சமவெளியில் முடிந்தது. ஒரு நாட்டின் இரு கைகள்போல இரு பகுதிகளும் அன்று இயங்கின.

அக்கைகள் முறிந்த கதை 1815இல் தொடங்குகின்றது. அவ்வாண்டு மார்ச் 2ஆம் திகதி கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. நாயக்கர் மரபில் வந்த கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் சிறைப்பட்டு வேலூருக்கு அனுப்பப்பட்டான். மூவாண்டு கழியுமுன் வெல்லஸ்ஸ கிளர்ந்தெழுந்தது. நிலைமையை அறியச் சென்ற பதுளை உதவி வதிவிட அதிகாரி வில்சன் 1817இல் அம்பெய்து கொல்லப்பட்டார். கிளர்ச்சியை அடக்க அனுப்பப்பட்ட ஊவாத் திசாவை கெப்பெட்டிபொல, தாமே கிளர்ச்சியாளருடன் சேர்ந்துகொண்டார். எம்மவர் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று இங்குண்டு. கிளர்ச்சியாளர் அரசனாக முன்னிறுத்திய வில்பாவே என்பவர், தாம் நாயக்கர் குலத்துத் துரைசாமி என்றே தம்மை அறிவித்துக்கொண்டார். தமிழ்ப் பெயரொன்றின் பின்னே சிங்களக் குடியானவர் திரண்ட காலமும் ஊவாவில் இருந்தது!

தேசாதிபதி பிரவுண்றிக் இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்தார். நெற்களஞ்சியங்கள் தீக்கிரையாயின. கால்நடைகள் கொல்லப்பட்டன. பழமரங்கள் வெட்டப்பட்டன; நீர்ப்பாசன வழிகள் பாழாயின. 1818 நவம்பர் 26ஆம் திகதி கண்டியில் கெப்பெட்டிபொல சிரச்சேதம் செய்யப்பட்டார். அவருடைய மண்டையோடு எடின்பரோவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, 1954ஆம் ஆண்டிலேயே தாயகம் திரும்பியது. தலைவரின் தலை திரும்பிவந்தது. வெல்லஸ்ஸவின் பழைய வயல்வளம் திரும்பவில்லை.

அவ்வழிவிலிருந்து வடபகுதியும் தப்பவில்லை. ஆனால் வடக்கிற்கு வேறொரு வாழ்வு வந்தது, அது கோப்பி. உறுதிப் பத்திரம் காட்ட முடியாத காடும் தரிசும் முடிக்குரியன என்று 1840ஆம் ஆண்டுச் சட்டம் கூறிற்று. பரம்பரையாகச் சேனை செய்த நிலத்துக்கும் மாடு மேய்த்த நிலத்துக்கும் கிராமத்தான் பத்திரத்துக்கு எங்கே போவான்? அந்நிலங்கள் தோட்டத்துரைமாருக்கு விற்கப்பட்டன. அவற்றில் உழைக்கத் தமிழ்நாட்டிலிருந்து நம் மூதாதையர் கங்காணிமாரின் பின்னே நடந்து வந்தனர். 1869இல் மடுல்சீமைப் பகுதியில் தோன்றிய இலைநோய் கோப்பியைத் தின்றது. பின்னர் தேயிலை வந்தது. 1890இல் லிப்டனின் தொழிற்சாலை தம்பேதன்னையில் எழுந்தது.

தேயிலை சென்ற வழியே இரும்புப்பாதையும் சென்றது. 1893இல் அப்புத்தளை, அடுத்த ஆண்டு பண்டாரவளை, 1924இல் பதுளை என்று அது நீண்டது. தெமோதரைப் பக்கத்து ஒன்பது வளைவுப் பாலத்தைக் காண இன்று உலகெங்குமிருந்து மக்கள் வருகின்றனர். ஆனால் அப்பாதை பதுளையோடு நின்றுவிட்டது. மொனராகலைக்கு இன்றுவரை புகைவண்டி இல்லை. தெற்கிலும் இறப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. 1980களில் பெல்வத்தையிலும் செவனகலையிலும் கரும்பாலைகள் அமைந்தன. ஆயினும் முதலீடும் வீதியும் வைத்தியசாலையும் பாடசாலையும் பெரும்பாலும் மலையைச் சுற்றியே வளர்ந்தன. ஆகவே, இவ்வேறுபாட்டை மழை மட்டும் வகுக்கவில்லை, மனிதரும் வகுத்தனர்.

அப்படியாயின், வடக்கின் செல்வத்தை அனுபவித்தவர் யார்? தோட்டத் தொழிலாளியா? 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களைப் பெற்றது, பதுளையில் எஸ். எம். சுப்பையா தெரிவானார். மறு ஆண்டே வந்த 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் எம்மவரை நாடற்றோராக்கியது. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அக்கட்சிக்கு ஓர் ஆசனமும் இல்லை. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனக் கணக்கிட்டுப் பிரித்தது. எஞ்சியோரின் குறை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே தீர்ந்தது. அதன் பின்னும் எங்கள் வீடு லயமாகவே இருந்தது. 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலை மீரியபெத்த மலை சரிந்து லயங்களை மூடியது. அபாய எச்சரிக்கை 2005இலும் 2011இலும் விடுக்கப்பட்டிருந்தது. ஆயினும், மாறிச் செல்ல மக்களுக்குச் சொந்த நிலம் எங்கே இருந்தது? உயிர்கள் போன பின்னர் மாக்கல்தெனியவில் 75 வீடுகள் கட்டப்பட்டு 2016இல் கையளிக்கப்பட்டன.

அதே 2016ஆம் ஆண்டில் மற்றொன்றும் நிகழ்ந்தது. 1818இல் துரோகிகள் எனப் பிரகடனப்படுத்தப்பட்ட 19 கிளர்ச்சித் தலைவர்களின் பழியை அரசாங்கம் நீக்கியது. எண்ணிப் பாருங்கள்! தெற்கின் வீரருக்கு நற்பெயர் திரும்ப ஏறக்குறைய 200 ஆண்டு. வடக்கின் தொழிலாளிக்குக் குடியுரிமை திரும்ப 55 ஆண்டு. இருவருக்கும் காகிதத்தில் நீதி கிடைத்தது. நிலத்தில் நீதியோ இன்னும் முழுமையாகவில்லை.

கிராமத்தாருள் சிலர், தோட்டத் தமிழர் தங்கள் நிலத்தைப் பறித்தனர் என எண்ணுவர். எம்மவருள் சிலர், கீழ்நாட்டார் சேனையை எரித்துத் திரியும் சோம்பர் என ஏளனம் பேசுவர். இரண்டும் அறியாமையே. நிலத்தைப் பறித்தது சட்டம். அதை வாங்கியது துரைமார். எம் பாட்டன்மார் அந்நிலத்தில் ஒரு பாகத்தையும் சொந்தமாகப் பெறவில்லை. கீழ்நாட்டாரின் வயலைக் கெடுத்தது அவர் சோம்பல் அன்று, படையின் தீ. 1949இல் நியமிக்கப்பட்டு 1951இல் அறிக்கையிட்ட கண்டியக் குடியானவர் ஆணைக்குழு, ஊவாக் கிராமத்தாரின் நிலமின்மையை ஆராய்ந்தது. அக்குறை மெய்யானது. எங்கள் குறையும் மெய்யானது. ஒரே ஆட்சி செய்த இரு காயங்கள் இவை. ஒரு காயத்தைக் காட்டி மற்றதை மறைப்பது சரித்திரமாகாது.

இயற்கையோ இவ்விரு பகுதிகளையும் பிரித்து வைக்கவில்லை. பூனாகலை ஓயா தியலும நீர்வீழ்ச்சியாக 220 மீற்றர் வீழ்ந்து, கிரிந்தி ஓயாவோடு சேர்ந்து தெற்கின் வயல்களுக்குப் போகின்றது. நமுனுகுலை மலைப்பகுதியில் பிறக்கும் மாணிக்க கங்கை கதிர்காமத்தை அடைகின்றது. தேயிலை மலையில் பெய்த மழையிலேதான் கதிர்காமக் கந்தனின் அடியார், தமிழரும் சிங்களவருமாக, நீராடுகின்றனர். அக்கதிர்காமம் மொனராகலை மாவட்டத்திலேயே இருக்கின்றது. 2005இல் பதுளையில் நிறுவப்பட்ட பல்கலைக்கழகமும் ஊவா வெல்லஸ்ஸ என இரு பெயரையும் சேர்த்தே தாங்குகின்றது.

ஆகவே, சங்கத்து இளைஞர்களே! ஆடி மாதத்தில் கதிர்காமம் போகும்போது வெல்லவாயவையும் புத்தலையையும் வெறும் வழியாகக் கடந்துவிடாதீர்கள். அங்குள்ள முதியோரிடம் அவர்கள் மொழியில் அவர்கள் கதையைக் கேளுங்கள். நம் கதையையும் அவர்களுக்குச் சொல்லுங்கள். நிலமும் வீடும் கேட்டு நாம் குரல் எழுப்பும்போது, வயலுக்கு நீர் கேட்கும் அவர்களுடைய குரலையும் சேர்த்து எழுப்புவோமாக. மேலே பிறந்த நீர் கீழே உள்ளவனுக்குப் பயன்படுவதுபோல, மேலே கற்ற கல்வியும் இரு பகுதிக்கும் பயன்படல் வேண்டும்.