சிவப்பு எண்ணில் ஒரு நாள்: பொது விடுமுறையும் பள்ளிப் பருவமும்

தமிழ்நாட்டு இல்லங்களின் சுவர்களில் தொங்கும் தினசரி நாள்காட்டிகளில் பெரும்பகுதி சிவகாசியில் அச்சாகி வருவது. ஆடிப்பெருக்கு நாளில் அடுத்த ஆண்டுக்குரிய மாதிரி ஆல்பங்களை அங்குள்ள அச்சகத்தார் பூசையிட்டு வெளியிடுவர். பின்னர், தமிழக அரசு பொது விடுமுறைப் பட்டியலை அறிவித்ததும் அச்சுப்பணி விரைவுபெறும். எந்த எண்ணைக் கறுப்பிலும் எந்த எண்ணைச் சிவப்பிலும் அச்சிடுவது என்பதை அப்பட்டியலே முடிவு செய்கிறது. பகவான் மகாவீரர் பிறந்த சைத்திர வளர்பிறைத் திரயோதசி இன்று சிவப்பு எண்ணாக அச்சாகிறது. அவ்வெண் எப்போதும் சிவப்பாக இருந்ததில்லை. அது சிவப்பான வரலாற்றையும், அதன் பொருட்டு நமக்குள்ள கடமையையும் எண்ணிப் பார்ப்பது இவ்விழா நாளுக்குப் பொருத்தமானதாகும்.

சட்டத்தில் பிறந்த விடுமுறை

இந்தியாவில் பொது விடுமுறைக்கு அடிப்படையாக அமைந்தது சமயச் சட்டம் எதுவுமன்று; வணிகச் சட்டம் ஒன்றேயாகும். 1881-ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டம், உண்டியல், காசோலை, கடனுறுதிச் சீட்டு ஆகியவற்றை ஒழுங்குபடுத்த வந்தது. ஒரு சீட்டின் தவணை நாள் பொது விடுமுறையாக அமைந்தால் பணம் எந்நாளில் செலுத்தப்பட வேண்டும் என்ற கேள்விக்கு அதன் 25-ஆம் பிரிவு விடை கூறுகிறது. தலைமுறை தலைமுறையாக உண்டியல் வணிகம் செய்த சமணப் பெருமக்களுக்கு இக்கேள்வியின் அருமை நன்கு விளங்கும்.

அப்பிரிவின் முதல் வடிவம் ஞாயிற்றுக்கிழமை, ஆங்கிலப் புத்தாண்டு, கிறிஸ்துமஸ், புனித வெள்ளி ஆகியவற்றை மட்டுமே பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. தீபாவளியோ ரம்ஜானோ மகாவீரர் பிறந்த நாளோ அதில் இடம்பெறவில்லை. ஏனையவை எல்லாம் அரசிதழில் அறிவிக்கப்படும் நாட்கள் என்ற பொதுச்சொல்லுக்குள் அடங்கின. ஆள்வோரின் திருநாட்கள் சட்டத்திலும், ஆளப்பட்டோரின் திருநாட்கள் அறிவிப்பிலும் நின்றன. விடுதலைக்குப் பின் அந்தப் பெயர்கள் நீக்கப்பட்டன. இன்று சட்டத்தில் ஞாயிறு மட்டுமே பெயருடன் உள்ளது. மற்ற அனைத்தும் அறிவிப்பினாலேயே விடுமுறையாகின்றன. 1957-ஆம் ஆண்டு மைய அரசு இவ்வதிகாரத்தை மாநில அரசுகளுக்கும் வழங்கியது. எல்லாச் சமயங்களும் ஒரே வரிசையில் நிற்கும் நிலை அவ்வாறு உருவாயிற்று. ஆனால் அறிவிப்பால் வந்தது அறிவிப்பால் போகவும் கூடும்.

நீங்கி மீண்ட நாள்

மைய அரசு அலுவலகங்களுக்குரிய 14 கட்டாய விடுமுறைகளுள் மகாவீரர் ஜெயந்தியும் ஒன்று. தமிழ்நாட்டில் முதலமைச்சர் கலைஞர் மு. கருணாநிதி ஆட்சிக்காலத்தில் இந்நாள் அரசு விடுமுறையாயிற்று. 2002-ஆம் ஆண்டில் அது பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. 2006-இல் ஆட்சி மாறிய பின் மீண்டும் சேர்க்கப்பட்டது.

இடைப்பட்ட ஆண்டுகள் சிலவே. ஆயினும் அந்த ஆண்டுகள் உணர்த்திய பாடம் பெரிது. மகாவீரர் ஜெயந்தி ஆங்கிலக் கணக்கில் நிலையான தேதியில் வருவதன்று. 2023-இல் ஏப்ரல் 4, 2024-இல் ஏப்ரல் 21, 2025-இல் ஏப்ரல் 10, 2026-இல் மார்ச் 31 என்று சந்திரனின் நடையை ஒட்டி அது நகர்கிறது. இவையெல்லாம் பள்ளிகளில் ஆண்டுத் தேர்வும் பொதுத் தேர்வும் நிகழும் காலம். அந்நாள் கறுப்பு எண்ணாக இருந்தால், சமணக் குடும்பத்துப் பிள்ளை ஜினாலயத்துக்குச் செல்வதா, தேர்வறைக்குச் செல்வதா என்று தீர்மானிக்க வேண்டியதாகும். பெரிய சமூகங்களின் பிள்ளைகளுக்கு அத்தகைய கேள்வி எழுவதே இல்லை. பொங்கலன்று எந்தப் பள்ளியும் தேர்வு நடத்துவதில்லை.

2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சமணர் தொகை ஏறத்தாழ 89 ஆயிரம், நூற்றுக்கு 0.12 பங்கு. ஏழு கோடி மக்களுக்கிடையே இத்துணைச் சிறிய தொகையினரின் திருநாளுக்கு மாநிலம் முழுவதும் பள்ளியும் அலுவலகமும் அடைக்கப்படுகின்றன. விடுமுறை என்பது எண்ணிக்கைக்குத் தரப்படும் பரிசு என்றால் இது நிகழ்ந்திராது. இம்மண்ணின் பண்பாட்டில் இச்சமயத்துக்குரிய பங்கை அரசு ஏற்றுக்கொண்டதன் அடையாளமே அது. அந்நாளின் பயனும் சமணரோடு முடிவதில்லை. ஆண்டில் மதுக்கடைகள் மூடப்படும் மிகச் சில நாட்களுள் மகாவீரர் ஜெயந்தியும் ஒன்று. இறைச்சிக் கூடங்களும் அன்று மூடப்படுகின்றன. பகவானின் பெயரை அறியாத குடிசையிலும் அன்று ஒரு நாள் கூலிப்பணம் மதுக்கடைக்குப் போகாமல் வீடு வந்து சேரக்கூடும்.

பட்டியலுக்கு வெளியே நிற்போர்

சிவகாசிக்குத் தென்மேற்கே, வெம்பக்கோட்டை வட்டாரத்தில் உள்ளது ஆலங்குளம். தென்காசி மாவட்டத்து ஆலங்குளத்தினின்று வேறானது. அரசு சிமெண்டு ஆலையால் பெயர் பெற்றது. சுற்றுவட்டாரமெங்கும் பட்டாசும் தீப்பெட்டியும் வாழ்வளிக்கின்றன. இத்தகைய ஊரில் ஒரே வீட்டுக்குள் இரண்டு நாள்காட்டிகள் நடக்கின்றன. பள்ளி செல்லும் பிள்ளைக்கு அரசின் பட்டியல். ஆலைக்குச் செல்லும் தாய்க்கு வேறொரு சட்டம்.

அரசுப் பட்டியலில் இருபதுக்கு மேற்பட்ட நாட்கள் உண்டு. அப்பட்டியல் தொழிற்சாலையைக் கட்டுப்படுத்தாது. அங்கே பொருந்துவது 1958-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் தேசிய மற்றும் பண்டிகை விடுமுறைச் சட்டம். சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நான்கும், பண்டிகை நாட்கள் ஐந்தும் ஆக ஒன்பது நாட்களுக்கு அது ஊதியத்துடன் கூடிய விடுமுறையை உறுதி செய்கிறது. அந்நாட்களில் வேலை வாங்கினால் இரட்டை ஊதியமோ, ஊதியத்துடன் மாற்று விடுமுறையோ தரப்பட வேண்டும். வீட்டிலிருந்தபடி எண்ணிக்கைக் கூலிக்கு வேலை செய்வோருக்கோ நடைமுறையில் விடுமுறை என்பது கூலியில்லா நாள். நாடு முழுமைக்கும் சிவப்பு எண்களை அச்சிட்டு அனுப்பும் வட்டாரத்தில், அந்த எண்கள் பல கைகளுக்கு ஓய்வைத் தருவதில்லை.

தீபாவளியை எண்ணினால் இது இன்னும் தெளிவாகும். கி.மு. 527-இல் பாவாபுரியில் பகவான் வீடுபேறடைந்த நாளாகச் சமணர் தீபாவளியைப் போற்றுகின்றனர். ஞான ஒளி மறைந்தமையால் மன்னர்கள் விளக்கேற்றினர் என்பது மரபு. சிற்றுயிர்கள் கருகும் என்பதால் சமணர் பலர் வெடி வெடிப்பதைத் தவிர்ப்பர். அதே நாளை நம்பியே இவ்வட்டாரம் ஆண்டு முழுதும் உழைக்கிறது. தீபாவளி முடிந்தபின் பல பட்டாசு ஆலைகள் சில வாரங்கள் மூடிக் கிடக்கும். ஒரே திருநாள் ஒருவருக்கு நிருவாண நாள், மற்றொருவருக்கு நரகாசுரனை வென்ற நாள், இன்னொருவருக்கு ஓராண்டுப் பிழைப்பின் அறுவடை நாள். ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்குவதில்லை. ஒருபுடைப் பார்வையை விலக்கும் அநேகாந்த நெறியை விளக்க இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

பள்ளியும் பருவமும்

பள்ளி என்ற சொல்லே சமண, பௌத்தத் துறவியரின் உறைவிடத்தைக் குறித்து வழங்கிய சொல். அவர்கள் தங்கிய இடத்தில் கல்வி நிகழ்ந்ததால் அது கற்கும் இடத்தின் பெயராயிற்று என்பர். ஆலங்குளத்துக்குத் தெற்கே தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ள கழுகுமலையின் பாறைச் சிற்பங்கள் எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுகளைச் சார்ந்தவை. அங்குள்ள கல்வெட்டுகள் ஆசிரியர் பெயரையும் மாணாக்கர் பெயரையும் சேர்த்துப் பொறித்துள்ளன. குரத்தியர் எனப்பட்ட பெண் ஆசிரியர்களும் அவற்றில் இடம்பெறுகின்றனர். அருப்புக்கோட்டை வட்டாரத்துக் கோவிலாங்குளத்தில் தீர்த்தங்கரர் திருவுருவம் இன்றும் உள்ளது. விருதுநகர் மண்ணுக்குச் சமணம் புதிய விருந்தன்று.

பருவம் என்ற சொல்லும் எண்ணத்தக்கது. மழைக்காலத்தில் முளைத்தெழும் உயிர்களை மிதியாதிருக்க, முனிவர் நான்கு மாதம் ஓரிடத்தில் தங்குவது சாதுர்மாசம். அவர்கள் ஓரிடத்தில் தங்கும் அக்காலமே இல்லறத்தார் அறநூல் கேட்கும் காலம். இயற்கையையும் அகிம்சையையும் ஒட்டி வகுக்கப்பட்ட பாடப்பருவம் அது. இன்றைய பள்ளியாண்டு கோடை வெயிலை ஒட்டி சூன் மாதம் தொடங்குகிறது. 2012-13-இல் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறை வந்தபோது, பருவம் என்ற பழஞ்சொல் மீண்டும் பள்ளிக்குள் நுழைந்தது.

இவ்வட்டாரத்தில் பள்ளி விடுமுறைக்கு மற்றொரு முகமும் இருந்தது. விடுமுறை விட்டால் பிள்ளைகள் தீப்பெட்டி ஒட்டவும் குச்சி அடுக்கவும் அமர்ந்த காலம் அது. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-இல் வந்தது. சிவகாசித் தொழிற்சாலைகளைப் பற்றிய வழக்கில், ஆபத்தான தொழிலில் அமர்த்தப்படும் ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. ஆதலின் இங்கே பள்ளி நாள் ஒவ்வொன்றும் ஒரு காப்பு நாளாகவே கருதப்பட்டது. விருதுநகர் மண்ணில் பிறந்த பெருந்தலைவர் காமராசர் ஆட்சியில் மதிய உணவு தந்ததோடு, பள்ளி வேலைநாட்கள் 180-இலிருந்து 200 ஆக உயர்த்தப்பட்டதும் நினைக்கத்தக்கது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஐந்தாம் வகுப்பு வரை 200 நாட்களையும், ஆறு முதல் எட்டு வரை 220 நாட்களையும் வகுத்துள்ளது. விடுமுறையைக் கூட்டும்போதெல்லாம் இந்த எண்களையும் கண்முன் வைத்தல் வேண்டும்.

உள்ளூர் விடுமுறை முறை இதற்கு ஒரு நல்ல வழி காட்டுகிறது. திருவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் ஆடிப்பூரத் தேரோட்டத்துக்கு மாவட்ட ஆட்சியர் விடுமுறை அறிவிப்பார். ஈடாக ஒரு சனிக்கிழமை வேலைநாளாகும். செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் வராததால் கருவூலம் குறைந்த பணியாளருடன் இயங்கும். விழாவும் நடந்தது, பாடநாளும் குறையவில்லை.

பிற நாடுகள் கண்ட வழி

பல சமயத்தார் வாழும் நாடுகள் எல்லாம் இச்சிக்கலைச் சந்தித்துள்ளன. சிங்கப்பூர் 1968-இல் விடுமுறைகளைக் குறைத்தபோது சமயத்தார் தம் நாட்களுள் சிலவற்றைக் கைவிட நேர்ந்தது. முசுலிம்கள் நபிகள் பிறந்த நாளையும் இந்துக்கள் தைப்பூசத்தையும் விட்டுக்கொடுத்தனர், தீபாவளி நிலைத்தது. சிங்கப்பூர் நீக்கிய அத்தைப்பூசம் 2021-இல் தமிழ்நாட்டுப் பட்டியலில் ஏறியது. இலங்கையில் 1966 முதல் 1971 வரை ஞாயிற்றுக்கு மாற்றாகப் போயா நாட்களே வார விடுமுறையாயின. சந்திரனை ஒட்டிய வாரம் சிலபோது ஏழு நாளாகவும் சிலபோது எட்டு நாளாகவும் நீண்டமையால் உலக வணிகத்தோடு ஒத்துவரவில்லை; ஞாயிறு திரும்பியது. ஆயினும் முழுநிலா நாள் விடுமுறை அங்கே இன்றும் உண்டு. உத்தரப்பிரதேச அரசு 2017-இல் தலைவர்களின் பிறந்த நாள், நினைவு நாள் விடுமுறைகள் பதினைந்தை நீக்கி, அந்நாட்களில் பள்ளிகளில் அவர்களைப் பற்றிக் கற்பிக்க வேண்டும் என்றது.

இம்மூன்றும் மூன்று நெறிகள். எல்லாருக்கும் அளவாகப் பகிர்தல் ஒன்று. ஒரு சமயத்தின் காலத்தையே நாட்டின் காலமாக்குதல் ஒன்று. விடுமுறைக்கு மாற்றாகக் கல்வி தருதல் ஒன்று. தமிழ்நாடு நடந்துவருவது நான்காவது வழி: பலருக்கும் இடம் தந்து பட்டியலை விரித்தல். நெஞ்சுக்கு இதமானது, ஆனால் விரிந்த பட்டியலை ஒருநாள் சுருக்க நேர்ந்தால் முதலில் கைவைக்கப்படுவது சிறு சமூகத்தின் நாளாகவே இருக்கும். 2002-ஆம் ஆண்டு அதைக் காட்டிற்று.

நாளைக் காப்பது எவ்வாறு

பெற்ற நாளைக் காக்கும் வழி அதற்குப் பொருள் தருவதே. பள்ளி மூடிய நாளில் பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அது யார் பிறந்த நாள் என்று தெரியும்? முந்தைய வேலைநாளில் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் போதும்: மகாவீரர் யார், பள்ளி என்ற சொல் எங்கிருந்து வந்தது, கழுகுமலை எங்கே உள்ளது என்று சொல்லிவிடலாம். ஊர்தோறும் உள்ள அறக்கட்டளைகள் அருகிலுள்ள பள்ளிகளை அணுகி இதனைச் செய்விக்கலாம்.

பர்யூஷணப் பருவத்தின் நிறைவாக வரும் சம்வத்சரி தமிழ்நாட்டில் பொது விடுமுறையன்று. அதற்கும் மாநிலம் முழுவதும் விடுமுறை கேட்பதைவிட, அந்நாளில் தேர்வு வைக்க வேண்டா என்றும், நோன்பிருக்கும் பிள்ளைக்கு விடுப்பு தருக என்றும் கேட்பது எளிது. பிறர் பாடநாளையும் அது குறைக்காது. தனக்கு வேண்டியதைக் கேட்கும்போதும் பிறருக்கு இழப்பு நேராமல் கேட்பதே அகிம்சையின் நுட்பம்.

மகாவீரர் ஜெயந்தியன்று ஊதியத்துடன் ஓய்வு கிடைக்காத கைகள் ஆலங்குளம் வட்டாரத்தில் பல உண்டு. சமணப் பெருமக்கள் நடத்தும் கடை, ஆலை, அச்சகம் எதுவாயினும், சட்டம் வற்புறுத்தாவிடினும் அன்று தம்மிடம் உழைப்போருக்கு ஊதியத்துடன் ஓய்வு அளித்தால், அரசு தந்த நாளை அறம் தந்த நாளாக உயர்த்தியவர் ஆவர். அவ்வாறு பல இல்லங்கள் நன்றியோடு நினைக்கும் நாளை எந்தப் பட்டியலும் எளிதில் நீக்கிவிட இயலாது.

வாழ்க அறம்! வளர்க அகிம்சை!