பதினொரு வயதுச் சோதனையும் நமது புலமைப்பரிசிலும்

மலர்க் குழுத் தம்பிமார் என்னிடம் கட்டுரை கேட்டபோது, "விடுதி வாழ்க்கையைப் பற்றி எழுதுங்கோ சேர்" என்றார்கள். விடுதிச் சோற்றையும் சம்பலையும் பற்றி முந்திய மலர்களில் மூன்று பேர் எழுதிவிட்டார்கள். சம்பலில் உப்பு இல்லை என்பதில் மூவரும் ஒருமித்திருக்கிறார்கள். ஆகவே அந்த விடுதிக்குள் நான் எப்படி நுழைந்தேன் என்பதை எழுதுகிறேன். சரித்திரம் படித்து, சரித்திரம் படிப்பித்தவன் நான். கொஞ்சம் ஆண்டுகளும் பெயர்களும் வரும், பொறுத்தருள வேண்டும்.

1960ஆம் ஆண்டு ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் சோதனையில் நான் சித்தியடைந்தேன். தலைமை வாத்தியார் சைக்கிளில் வீடு தேடி வந்து சொன்னார். ஐயா தோட்டத்துக்கு இறைத்துக்கொண்டு நின்றவர், துலாவை விட்டிட்டு ஓடி வந்தார். "இனி இவன்ர சோறு அரசாங்கத்தின்ர சோறு" என்றார். தை மாதம் தகரப் பெட்டியோடு நமது கல்லூரிக்கு வந்து சேர்ந்தேன். ஆய்வுகூடம் என்ற ஒன்றை அன்றுதான் கண்டேன்.

இரண்டு வருஷம் கழித்து என் தம்பி அதே சோதனை எழுதினான். அவனுக்குக் காய்ச்சலும் இல்லை, அன்று மழையும் இல்லை. சும்மா கிடைக்கவில்லை. விடுமுறைக்கு வீட்டுக்குப் போனால் என்னுடைய கணக்குகளை அவனிடம்தான் கொடுப்பேன். என்னைவிட வேகமாகச் செய்து தருவான். ஆனால் வாத்தியார் வீட்டுக்கு வரவில்லை. "அவனுக்குப் படிப்பு ஏறாது" என்று அம்மா பக்கத்து வீட்டுக்குச் சொன்னது எனக்கு இப்பவும் கேட்கிறது. எட்டாம் வகுப்போடு முடிகிற எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே அவன் நின்றான்.

இந்தச் சோதனையை எமக்குத் தந்தவர் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா. 1884இல் பிறந்தவர். அம்பலாங்கொடையில் படித்துக்கொண்டிருந்த பையனுக்குக் காலி றிச்மண்ட் கல்லூரிப் புலமைப்பரிசில் கிடைத்திராவிட்டால் அவரும் கதிர்காமத்துக்கு நேர்ந்துவிட்ட கோழி மாதிரி ஊரைச் சுற்றிக்கொண்டு நின்றிருக்கக்கூடும். 1931இலிருந்து 1947 வரை கல்வி அமைச்சராக இருந்தார். 1943இல் அவருடைய விசேட குழு அறிக்கை கொடுத்தது. 1945 ஒக்டோபர் முதலாம் திகதி இலவசக் கல்வி வந்தது. கிராமப்புறங்களில் ஐம்பதுக்கு மேற்பட்ட மத்திய பாடசாலைகள் எழும்பின. வேலணையும் வந்தாறுமூலையும் நம் பக்கத்து உதாரணங்கள். காசு கட்டி ஆங்கிலம் படிக்க வழியில்லாத பிள்ளைக்கு விடுதி, சாப்பாடு, படிப்பு எல்லாம் இலவசம். இதைக் குறைத்துச் சொல்ல எனக்கு உரித்தில்லை. அந்த மனுஷன் இல்லாவிட்டால் நான் இன்றைக்கு இந்த மலரில் எழுத மாட்டேன்.

ஆனால் இலவசக் கல்வியைக் கொண்டாடுகிற நாங்கள் அந்த அறிக்கையின் மற்றப் பக்கத்தை வாசிப்பதில்லை. ஐந்தாம் வகுப்போடு பிள்ளைகளை மூன்று விதமான பாடசாலைகளுக்குப் பிரித்து அனுப்ப வேண்டும் என்றும் அதில் இருந்தது. அதே 1943இல் இங்கிலாந்தில் சேர் சிறில் நோர்வூட் என்பவரின் அறிக்கையும் வெளிவந்தது. பிள்ளைகளின் மனம் மூன்று வகை, ஆகவே பள்ளியும் மூன்று வகை என்று அதுவும் சொன்னது. கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே வருஷத்தில் ஒரே எண்ணம்.

இங்கிலாந்தில் அடுத்த வருஷம், 1944இல், பட்லரின் கல்விச் சட்டம் வந்தது. மூன்று வகைப் பள்ளி என்று அந்தச் சட்டத்தில் எங்கும் எழுதப்படவில்லை. உள்ளூர்க் கல்வி அதிகார சபைகள்தான் அப்படி நடைமுறைப்படுத்தின. பதினொரு வயதில் ஒரு சோதனை, 'இலெவன் பிளஸ்'. ஏறக்குறைய நாலில் ஒரு பிள்ளை அல்லது அதற்கும் குறைவு கிராமர் பள்ளிக்குப் போனது. மிச்சம் பெரும்பாலும் 'செகண்டரி மொடேர்ண்'. தொழில்நுட்பப் பள்ளிகள் பேருக்குத்தான் இருந்தன.

எத்தனை பேர் தேறுவது என்பதைப் பிள்ளையின் மூளை தீர்மானிக்கவில்லை. அந்த ஊரில் எத்தனை கிராமர் கதிரைகள் உண்டு என்பதுதான் தீர்மானித்தது. வேல்ஸின் சில பகுதிகளில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் இடம். இங்கிலாந்தின் சில இடங்களில் அதில் பாதிகூட இல்லை. அதே பிள்ளை ஒரு ஊரில் கெட்டிக்காரன், பக்கத்து ஊரில் மொக்கன்! பெண் பிள்ளைகள் அந்த வயதில் கூடப் புள்ளி எடுப்பதால் பல இடங்களில் அவர்களுக்கு வெட்டுப்புள்ளியை உயர்த்தி வைத்தார்கள். பேர்மிங்ஹாமில் தெரிவுப் பள்ளிகளில் ஆண்களுக்கு 540 இடம், பெண்களுக்கு 360 இடம் என்ற வழக்கு பிரபுக்கள் சபைவரை போய், 1989இல்தான் அது பாரபட்சம் என்று தீர்ப்பானது.

இந்தக் கட்டிடத்தின் அத்திவாரம் சேர் சிறில் பேர்ட் என்ற உளவியலாளரின் கொள்கை. அறிவு பெரும்பாலும் பிறப்பிலே வருவது, அதைச் சின்ன வயதிலேயே அளக்கலாம் என்றார். 1971இல் அவர் இறந்தார். பிரித்து வளர்க்கப்பட்ட இரட்டையர்கள் பற்றிய அவருடைய கணக்குகள் நம்பத் தகுந்தவையல்ல என்று 1976இல் பத்திரிகையில் வெடித்தது. வேண்டுமென்று செய்தாரா, கவனயீனமா என்பதில் அறிஞர்கள் பின்னரும் சண்டை பிடித்தார்கள். அதற்கிடையில் இலட்சக்கணக்கான பிள்ளைகள் தரம் பிரிக்கப்பட்டு முடிந்துவிட்டது. 1957இல் ஆய்வாளர்கள், பிழையான பள்ளிக்குப் போன பிள்ளைகள் ஏறக்குறைய பத்தில் ஒருவர் என்று கணித்திருந்தார்கள்.

1965இல் அன்ரனி குறொஸ்லன்ட் என்ற தொழிற்கட்சி அமைச்சர் சுற்றறிக்கை அனுப்பி, எல்லாரும் ஒரே பள்ளிக்குப் போகும் 'கொம்பிறிகென்சிவ்' முறைக்கு மாறச் சொன்னார். பின்னர் கல்வி அமைச்சராக வந்த மாகிரற் தச்சர், தானே கிராமர் பள்ளியில் படித்தவராக இருந்தும், மற்ற எந்த அமைச்சரையும்விடக் கூடுதலான கொம்பிறிகென்சிவ் திட்டங்களுக்குக் கையெழுத்திட வேண்டி வந்தது. இப்போது இங்கிலாந்தில் மிஞ்சியிருப்பவை 163 கிராமர் பள்ளிகள். 1998ஆம் ஆண்டுச் சட்டம் புதிதாக ஒன்று தொடங்கத் தடை போட்டது. 2016இல் தெரேசா மே அதை நீக்கப் பார்த்தார். அடுத்த வருஷத் தேர்தலோடு அது கைவிடப்பட்டது.

இனி என்னுடைய பாவத்தைச் சொல்ல வேண்டும். 1980களின் நடுவில் லண்டனுக்கு வந்த நான், பகலில் கொம்பிறிகென்சிவ் பள்ளி ஒன்றில் சரித்திரம் படிப்பித்தேன். சனிக்கிழமைகளில் வீட்டு முன் அறையில் எங்கள் பிள்ளைகளுக்கு இலெவன் பிளஸ் ரியூஷன். பதினைந்து வருஷம்! பயிற்சியால் மாறாத இயற்கை அறிவை அளக்கும் சோதனை என்றுதான் ஆதியில் சொன்னார்கள். பயிற்சி கொடுத்தால் புள்ளி ஏறும் என்று 1950களின் தொடக்கத்திலேயே பிலிப் வேர்ணன் என்ற உளவியலாளர் காட்டிவிட்டார். நான் அவரை வாசித்திருந்தேன். வாசித்ததைக் கொண்டு உழைத்தேன். என்னிடம் வந்த பிள்ளைகள் பலர் பாஸ் பண்ணினார்கள். இனிப்புப் பெட்டியோடு வந்து காலில் விழுவித்தார்கள். என்னிடம் வர வசதியில்லாத பிள்ளை யாரின் இடத்தை இந்தப் பிள்ளை எடுத்தது என்று அப்போது நான் யோசிக்கவில்லை. 2016இல் கிராமர் பள்ளிகளில் இலவச மதிய உணவுக்குரிய ஏழைப் பிள்ளைகள் நூற்றுக்கு மூன்றுகூட இல்லை; நாடு முழுவதிலும் பதின்மூன்றுக்கு மேல்.

பிள்ளைகளுக்கு இதனால் லாபம் இல்லையா என்று கேட்பீர்கள். உள்ளே போன பிள்ளைக்கு உண்டு, அல்லது குறைந்தது கெடுதல் இல்லை. வெளியே நின்ற பிள்ளையையும் சேர்த்து முழுப் பிரதேசமாகக் கணக்கெடுத்தால், வீட்டு நிலைமையையும் முந்திய புள்ளிகளையும் கழித்துப் பார்த்தால், ஒட்டுமொத்த லாபம் தெரியவில்லை என்றுதான் 2016இல் எஜுக்கேஷன் பொலிசி இன்ஸ்ரிரியூட் சொன்னது. கொம்பிறிகென்சிவ் வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்றும் நான் சொல்ல மாட்டேன். நல்ல பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் வீட்டு விலை என்ன என்று நம் ஆட்களைக் கேளுங்கள். சோதனைத் தாளுக்குப் பதிலாக வங்கிக் கடன் தாள் தெரிவு செய்கிறது. அந்த வகையில் கன்னங்கராவின் சோதனை கொஞ்சம் மரியாதையானது. ஐயாவிடம் காசு கேட்கவில்லை.

தரப்படுத்தலைச் சொல்லாமல் இந்தப் பேச்சை நம்மவர் முன் முடிக்க முடியாது. நான் 1969இல் பேராதனைக்குப் போனவன். 1971இல் பல்கலைக்கழக அனுமதிக்கு மொழிவாரியாகப் புள்ளியை மாற்றினார்கள். அது அப்பட்டமான அநீதி. இன்றும் அப்படியே சொல்வேன். 1974இல் வந்த மாவட்டப் பங்கீடு வேறு விஷயம். அது யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளை அடித்தது, உண்மை. மன்னாருக்கும் வவுனியாவுக்கும் மட்டக்களப்புக்கும் கதவைக் கொஞ்சம் திறந்தது, அதுவும் உண்மை. இதை ஒருமுறை ஒன்றுகூடலில் சொல்லிப் பாதிச் சாப்பாட்டில் எழும்ப வேண்டி வந்தது. ஆய்வுகூடம் உள்ள பள்ளியும் இல்லாத பள்ளியும் ஒரே தாள் எழுதுவது நீதியா என்ற கேள்வியை, 1962இல் என் தம்பிக்காகக் கேட்டிருந்தால் 1974இல் எனக்குக் கொஞ்சம் விளங்கியிருக்கும்.

தம்பி காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் பிற்றராகச் சேர்ந்தான். வெளிநாட்டு இயந்திரம் நின்றால் அவனைத்தான் கூப்பிடுவார்களாம். 1990இல் யுத்தத்தோடு தொழிற்சாலை நின்றது. இடம்பெயர்ந்து, வவுனியாவில் தண்ணீர் இறைக்கும் மெஷின் திருத்தும் கடை போட்டான். ஒருநாளும் என்னை ஒரு சொல் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

போன வருஷம் என் பேத்தி இலெவன் பிளஸுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய பயிற்சித் தாள் ஒன்றைப் படம் எடுத்து, சும்மா பகிடிக்கு வட்ஸ்அப்பில் தம்பிக்கு அனுப்பினேன். எண்தொடர்க் கேள்விகள், மொழி வேண்டியதில்லை. அரை மணித்தியாலத்தில் பதில்கள் எழுதிய கடதாசியின் படம் வந்தது. பின்னால் ஒரு குரல் செய்தி.

"அண்ணை, பதினேழாவது கேள்வியிலை ஒரு இலக்கம் பிழையா அச்சடிச்சிருக்கிறாங்கள். பிள்ளைக்குச் சொல்லு."

நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் பார்த்தேன். பிழைதான்.