ஹாட்லி மலையின் கோடுகள்

தொலைவில் உள்ள ஒன்றை அருகில் கொணர்ந்து காட்டும் கருவிக்கு ஒரு குணம் உண்டு. அது காட்டுவதைக் கண்டவர், அவ்விடத்துக்கே சென்று பார்த்துவிட்டதாக எண்ணத் தலைப்படுவர். படம் எவ்வளவு தெளிவாக அமைகிறதோ அவ்வளவுக்கு அந்த எண்ணமும் உறுதிப்படும். பெரிய சட்டகமும் நீண்ட லென்ஸும் ஒரே கேமராவில் இணையும்போது அத்தெளிவு உச்சத்தை எட்டுகிறது. மீடியம் ஃபார்மட் டிஜிட்டல் கேமராவில் டெலிஃபோட்டோ லென்ஸைப் பொருத்திப் படமெடுப்பது அண்மைக் காலத்தில்தான் எளிதாகியிருக்கிறது. ஆனால் இந்த இணைப்பைப் பயன்படுத்துவோர் அறிந்திருக்க வேண்டிய பாடம் 1971ஆம் ஆண்டிலேயே, அதுவும் நிலவின் தரையில், கிடைத்துவிட்டது. ஒரே பயணத்தில் ஒரே லென்ஸ் ஓர் உண்மையையும் ஒரு பொய்த்தோற்றத்தையும் பதிவுசெய்தது. படத்தில் இரண்டும் ஒரே அளவு தெளிவாக இருந்தன.

டெலிஃபோட்டோ லென்ஸின் கருத்து பழையது. குவிலென்ஸுக்குப் பின்னால் ஒரு குழிலென்ஸை வைத்தால் பெரிய உருவம் கிடைக்கும் என்பதை யோகான்னஸ் கெப்ளர் 1611இல் வெளிவந்த தம் ஒளியியல் நூலிலேயே விளக்கியிருந்தார். ஒளிப்படக் கலைக்கு அது வந்து சேர்ந்தது 1891இல். இங்கிலாந்தில் தாமஸ் டால்மேயர், ஜெர்மனியில் அடால்ஃப் மீத்தே, ஸ்டைன்ஹைல் ஆகிய மூவரும் ஒருவரையொருவர் சாராமல் ஏறத்தாழ ஒரே காலத்தில் இத்தகைய லென்ஸ்களை உருவாக்கினர். குவியத் தொலைவு நீளமாகவும் லென்ஸின் உடல் அதைவிடக் குட்டையாகவும் இருப்பதே இதன் சிறப்பு. இன்று நீண்ட லென்ஸ் எதையும் டெலிஃபோட்டோ என்றழைப்பது வழக்கமாகிவிட்டது. இச்சொல் முதலில் இந்தக் கட்டமைப்பை மட்டுமே குறித்தது.

மீடியம் ஃபார்மட் என்பது சட்டகத்தின் அளவைக் குறிக்கும் பெயர். 35 மி.மீ. படச்சுருளில் ஒரு சட்டகம் 36×24 மி.மீ. மட்டுமே. 1901இல் கோடாக் அறிமுகப்படுத்திய 120 வகைச் சுருளில் பக்கத்துக்கு ஏறத்தாழ 56 மி.மீ. கொண்ட சதுரப் படம் எடுக்கலாம். சுவீடனின் ஹாசல்பிளாட் நிறுவனம் 1948 முதல் இச்சட்டகத்துக்கான கேமராக்களைச் செய்து புகழ்பெற்றது. 1962 அக்டோபரில் வால்ட்டர் ஷிர்ரா தம் மெர்க்குரி விண்கலத்தில் ஒரு ஹாசல்பிளாடைக் கொண்டுசென்றார். 1968 டிசம்பர் 24 அன்று, நிலவின் விளிம்புக்கு மேல் பூமி எழுவதை அப்பல்லோ 8 கலத்திலிருந்து வில்லியம் ஆண்டர்ஸ் எடுத்த புகழ்பெற்ற படம் ஹாசல்பிளாடில் 250 மி.மீ. லென்ஸ் பொருத்தி எடுக்கப்பட்டது. பெரிய சட்டகமும் நீண்ட லென்ஸும் சேர்ந்ததன் விளைவை உலகம் பரவலாகக் கண்டது அப்படத்தில்தான் எனலாம்.

அப்பல்லோ 15 பயணத்தில் இதன் இரட்டிப்பு நீளம் கொண்ட லென்ஸ் நிலவுத் தரைக்குச் சென்றது. ஜெர்மனியின் சைஸ் நிறுவனம் செய்த 500 மி.மீ. டெலி-டெஸ்ஸார் அது, பெரும அப்பர்ச்சர் எஃப்/8. கேமராவினுள் படச்சுருளை ஒட்டி ஒரு கண்ணாடித் தகடு இருந்தது. அதில் பொறித்த 25 சிலுவைக் குறிகள் ஒவ்வொரு படத்திலும் பதியும். படத்தின் மேல் அளவெடுப்பதற்கான ஏற்பாடு அது. ஏறத்தாழ 6 பாகை அகலமே கொண்ட பார்வைப்புலத்தை, விண்வெளி உடையின் தடித்த கையுறைகளுக்குள் இருந்தபடி, முக்காலி இல்லாமல், மலைகளை நோக்கித் திருப்ப வேண்டியிருந்தது.

1971 ஜூலை 30 அன்று டேவிட் ஸ்காட்டும் ஜேம்ஸ் இர்வினும் அப்பென்னைன் மலைத்தொடரின் அடிவாரத்தில் இறங்கினர். வெளியே நடக்கத் தொடங்கும் முன், ஸ்காட் கலத்தின் மேற்கதவைத் திறந்து அரைமணி நேரம் நின்று சுற்றுப்புறத்தைப் படமெடுத்தார். அவர் நின்ற சமவெளிக்கு மேல் ஹாட்லி மலை 4 கிலோமீட்டருக்கும் மேலாக உயர்ந்திருந்தது. அதன் சரிவில் இணையான கோடுகள் சாய்வாக ஓடின. கண்ணுக்கும் தெரிந்தன, 500 மி.மீ. படங்களில் இன்னும் துலக்கமாகத் தெரிந்தன. ஏட்டின் பக்கங்களைச் சற்றே சாய்த்து அடுக்கியது போன்ற தோற்றம் அது.

இக்கோடுகளுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? அப்பென்னைன் தொடர், மாபெரும் மோதல் ஒன்றினால் உருவான இம்ப்ரியம் படுகையின் விளிம்பு. மோதலின் வேகத்தில் நிலவின் பழைய மேலோடு பெயர்ந்து மலையாக எழுந்தது. மலைச்சரிவில் தெரிந்தவை மெய்யான பாறையடுக்குகள் என்றால், நிலவின் தொடக்கக் காலம் வரிவரியாக அங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று பொருள். அவற்றின் சாய்வைக் கொண்டே மலை எப்படித் தூக்கப்பட்டது என்றும் கணக்கிடலாம். அடுக்குகள் அல்ல என்றாலோ அக்கணக்குகள் அனைத்துக்கும் அடித்தளமே இல்லாமற் போகும்.

ஐயத்துக்கு முதற்காரணம் ஒளி. அவர்கள் இறங்கியபோது சூரியன் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 12 பாகை உயரத்தில்தான் இருந்தது. அத்தகைய தாழ்ந்த ஒளியில் ஒவ்வொரு மேடும் நீண்ட நிழலை வீழ்த்தும். அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஹோவார்டும் லார்சனும் இதைச் சோதித்துப் பார்த்தனர். நுண்தூள் தூவிய சிறு மாதிரிப் பரப்புகளைச் செய்து, அவற்றின் மேல் சாய்வான ஒளியைப் பாய்ச்சிப் படமெடுத்தனர். அப்பரப்புகளில் எந்த அடுக்கும் இல்லை. எந்த ஒழுங்கும் இல்லை. ஆயினும் படங்களில் இணையான கோடுகள் தோன்றின. ஒளியின் திசை மாறியபோது கோடுகளின் திசையும் மாறியது. ஒழுங்கற்ற மேடுபள்ளங்களின் நிழல்கள் ஒன்றோடொன்று இணைந்து கண்ணுக்கு ஒழுங்கான வரிகளாகத் தோற்றமளிக்கின்றன என்பது தெளிவாயிற்று. பயணத்தின் அறிவியல் அறிக்கையிலேயே அவர்களுடைய கட்டுரை இடம்பெற்றது. ஹாட்லி மலையின் கோடுகளைப் பாறையடுக்கின் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது என்ற நிலை உருவானது.

இதே லென்ஸ் மற்றோரிடத்தில் மெய்யான அடுக்குகளைக் கண்டறிந்தது. இறங்கிய இடத்துக்கு மேற்கே ஹாட்லி பிளவு ஓடுகிறது. ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் அகலமும் 300 மீட்டர் அளவு ஆழமும் கொண்ட பள்ளத்தாக்கு அது. அதைக் கடக்க வழியில்லை. கிழக்குக் கரையில் நின்று, எதிர்ச்சுவரை ஸ்காட் 500 மி.மீ. லென்ஸால் படமெடுத்தார். சுவரின் மேற்பகுதியில், சரிந்து விழுந்த கற்களுக்கு மேலே, பாறை தன் இடத்திலேயே அடுக்கடுக்காக வெளித்தெரிந்தது. சில அடுக்குகள் பருத்தவை, சில மெல்லியவை. எரிமலைக் குழம்பு ஒரே முறையில் அல்லாமல் பலமுறை பாய்ந்து உறைந்து அச்சமவெளியை நிரப்பியிருக்கிறது என்பதற்கு அது கண்கூடான சான்று.

மலையின் கோடு பொய், சுவரின் கோடு மெய் என்று எவ்வாறு முடிவுகட்டினர்? படத்தின் தெளிவை வைத்து அல்ல. சுவரை ஓரிடத்திலிருந்து மட்டும் எடுக்கவில்லை. ஒன்பது-ஏ என்று பெயரிட்ட நிலையத்தில் எடுத்த பின், கரையோரமாகச் சற்றுத் தள்ளிப் பத்தாம் நிலையத்திலிருந்து மறுபடியும் எடுத்தனர். இரண்டையும் இணைத்துப் பார்த்தால் சுவர் புடைத்தெழுந்து ஆழத்துடன் தெரியும்; எது புடைப்பு, எது நிழல் என்பது பிரிந்துவிடும். அத்துடன், கரையிலிருந்தே கற்களைக் கையால் எடுத்தும் வந்தனர். ஒன்பது-ஏ நிலையத்தில் கிடைத்த, 15555 என்ற எண்ணுள்ள, 9.6 கிலோகிராம் எடைகொண்ட பசால்ட் கல் அவற்றுள் ஒன்று. மூன்றாம் நாள் உலாவின்போது சூரியனும் முன்னைவிட உயர்ந்திருந்தது. இடம் மாறியது, ஒளி மாறியது, கல் கைக்கு வந்தது. சுவருக்கு இத்தனை சாட்சிகள். மலைச்சரிவின் கோடுகளுக்குச் சாட்சி சொல்ல இருந்தது தாழ்ந்த ஒளியில் பதிந்த தோற்றம் ஒன்றே.

இப்பாடம் டிஜிட்டல் காலத்தில் மேலும் கூர்மையடைகிறது. 1990களின் தொடக்கத்தில் லீஃப் நிறுவனத்தின் டிஜிட்டல் முதுகுகள் மீடியம் ஃபார்மட் கேமராக்களின் பின்புறத்தில் பொருத்தப்பட்டன. கணினியுடன் கம்பியால் பிணைக்கப்பட்ட அவை, அசையாப் பொருள்களை ஸ்டூடியோவுக்குள் எடுப்பதற்கே ஏற்றவை. நீண்ட லென்ஸுக்கு அங்கே வேலை குறைவு. கண்ணாடி மடக்கு இல்லாத சிறிய மீடியம் ஃபார்மட் கேமராக்களை ஹாசல்பிளாடும் ஃபுஜிஃபில்மும் 2016இல் அறிவித்த பிறகே இவை பரவலாக வெளிக்களத்துக்கு வந்தன. அப்போதும் ஃபுஜிஃபில்மின் இவ்வரிசையில் 2018இல் வந்த 250 மி.மீ. லென்ஸே நெடுங்காலம் மிக நீண்டதாக இருந்தது. அதற்கு மேல் வேண்டியவர்கள் பழைய ஃபிலிம் கேமராக்களின் லென்ஸ்களை அடாப்டர் வழியே பொருத்திக்கொண்டனர். 500 மி.மீ. லென்ஸ் 2024இல்தான் வந்தது.

இதை வாங்குவோர் பலர் முதலில் ஏமாறுவது நெருக்கத்தில். இக்கேமராக்களின் உணரி 43.8×32.9 மி.மீ.; 35 மி.மீ. சட்டகத்தைப் போல் 1.67 மடங்கு பரப்பு. ஆகவே இதில் 500 மி.மீ. லென்ஸ் காட்டும் புலம், 35 மி.மீ. கேமராவில் ஏறத்தாழ 396 மி.மீ. லென்ஸ் காட்டும் புலத்துக்குச் சமம். பெரிய சட்டகம் பொருளை அதிகம் நெருக்கிக் காட்டுவதில்லை. அதே புலத்தை மிகுந்த நுணுக்கத்துடன் பதிகிறது. 102 மெகாபிக்சல் உணரியில் ஒரு பிக்சலின் அகலம் 3.76 மைக்ரான். ஹாட்லி பிளவின் அகலமான ஒன்றரைக் கிலோமீட்டருக்கு அப்பால் நிற்கும் பொருளில், ஒரு பிக்சலுக்குள் அடங்குவது ஏறத்தாழ 11 மி.மீ. கணக்கில் இது வியப்பூட்டும் நுணுக்கம்.

கணக்கு வேறு, களம் வேறு. நிலவில் காற்று இல்லை. பூமியிலோ கேமராவுக்கும் மலைக்கும் நடுவே ஒரு கிலோமீட்டர் காற்று நிற்கிறது. அதுவும் ஒரு லென்ஸ்தான், அதுவும் நிலையற்ற லென்ஸ். சித்திரை வெயிலில் தக்காணப் பாறைகளின் மேல் கானல் எழும்போது நேர்கோடு நெளியும். எத்தனை மெகாபிக்சல் இருந்தாலும் பதிவது அந்த நெளிவே. விடியலில், நிலம் சூடேறும் முன் எடுப்பது ஒன்றே அதற்கு மருந்து. முக்காலி சிறிது அதிர்ந்தாலும் பிக்சல் அளவில் அது தெரியும். மின்னணு ஷட்டர் உணரியை வரிவரியாகப் படிப்பதால் விரைந்து அசையும் பொருள் சாய்ந்து பதியும்.

இவற்றைவிட நுட்பமான பொய்களும் உண்டு. உணரியின் ஒவ்வொரு பிக்சலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றுள் ஒன்றை மட்டுமே அளக்கிறது. மற்ற இரண்டும் அண்டைப் பிக்சல்களிலிருந்து கணக்கிடப்படுபவை. தொலைவிலுள்ள செங்கல் வரிசையோ சன்னல் சட்டங்களின் அடுக்கோ பிக்சல்களின் இடைவெளியை நெருங்கும் அளவுக்கு நுணுகினால், அங்கே இல்லாத அகன்ற பட்டைகள் படத்தில் தோன்றும். முவாரே என்று பெயர்பெற்ற இத்தோற்றம் ஹாட்லி மலையின் கோடுகளுக்கு உறவுமுறை. அங்கே நிழல்கள் சேர்ந்து இல்லாத ஒழுங்கை உருவாக்கின. இங்கே உணரியின் ஒழுங்கு இல்லாத பட்டையை உருவாக்குகிறது. உணரியைச் சிறிது சிறிதாக நகர்த்தி 16 படங்களை எடுத்து ஒன்றாக்கும் வசதி இதைக் குறைக்கும். ஆனால் நடுவே ஒரு கிளை அசைந்தாலும் அவ்விடத்தில் புதிய பொய்க்கோடுகள் முளைக்கும்.

இந்தியாவில் இவை வெறும் கருவி நுட்பங்கள் அல்ல. ஏறிச்செல்ல இயலாத பாறைமுகங்களிலும் கோபுரங்களின் மேல்தளங்களிலும் உள்ள எழுத்தையும் சிற்பத்தையும் இனி நீண்ட லென்ஸ்களே அதிகம் பதிவுசெய்யப் போகின்றன. தேய்ந்த கல்வெட்டைத் துலக்கிக் காட்ட ஆய்வாளர் நாடுவது சாய்ந்த ஒளியைத்தான்; ஹாட்லி மலையில் ஏமாற்றியதும் அதுவே. அவ்வொளியில் பாறையின் வெடிப்பு எழுத்தின் கோடாகத் தோன்றும், எழுத்தின் கோடு வெடிப்பாகத் தோன்றும். ஒரு கோடு கூடினாலோ குறைந்தாலோ எழுத்து மாறும். எழுத்து மாறினால் பெயர் மாறும். பெயர் மாறினால் அதன்மேல் எழுதப்படும் வரலாறும் மாறும். கல்லின் மேல் ஈரத்தாளை ஒற்றி மைப்படி எடுக்கும் பழைய முறை, கை கல்லைத் தொடுவதால் பெற்ற நம்பகத்தை, தொலைவிலிருந்து எடுக்கும் படம் தானாகப் பெற்றுவிடாது. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, இடம் தள்ளி ஒன்று என்று எடுத்து, அத்தனை படங்களிலும் மாறாமல் நிற்கும் கோட்டையே எழுத்தாகக் கொள்வது குறைந்தபட்சத் தேவை. எந்த நேரத்தில், எத்திசை ஒளியில் எடுத்தது என்ற குறிப்பும் படத்துடன் இருக்க வேண்டும்.

அப்பல்லோ 15 பயணத்தின் 500 மி.மீ. படங்கள் இன்று உயர்தர டிஜிட்டல் வடிவில் அனைவருக்கும் கிடைக்கின்றன. ஹோவார்டு, லார்சன் ஆகியோரின் விளக்கத்தைப் படித்துவிட்டு ஹாட்லி மலைப் படத்தைத் திறந்து பார்ப்பவருக்கும் அக்கோடுகள் முன்போலவே, சாய்ந்து, இணையாக, ஐயத்துக்கு இடமின்றித் தெரிகின்றன.