மலையகமும் சிறு கமராவும்

மலையகத் தோட்டங்களின் பழம் புகைப்படங்கள் எண்ணிக்கையிற் குறைந்தவை அல்ல. ஆயினும் அவற்றில் நிற்கும் தொழிலாளரின் பெயரை அறிய விரும்புவோர் பெரும்பாலும் ஏமாற்றமே அடைவர். உலகப் புகைப்படக் கலையின் முன்னோடிகளுள் ஒருவரான யூலியா மார்கரெட் கமரன் 1875இல் இலங்கைக்கு வந்தார். 1879 சனவரியில் டிக்கோயாப் பகுதியிலுள்ள கிளென்கேர்ண் தோட்டத்திற் காலமானார். அவரது கல்லறை பொகவந்தலாவைத் தேவாலய வளவில் உள்ளது. இங்கிலாந்தில் அவர் பிடித்த முகங்கள் டெனிசன், டார்வின், ஹேர்ஷல் எனப் பெயரோடு நிலைபெற்றன. இலங்கையில் அவர் பிடித்தவற்றுள் எஞ்சியவை சிலவே. அவற்றுள் ஒன்று ‘களுத்துறைக் குடியானவர் குழு’ என்றே வழங்குகின்றது. இடத்திற்குப் பெயர் இருந்தது, ஆட்களுக்கு இல்லை.

இதனை ஒருவரின் குறையாக மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. அக்காலத்துக் கருவியும் அதற்கு உடந்தையாயிற்று. கண்ணாடித் தகட்டில் இரசாயனம் பூசி, ஈரம் உலருமுன் படம் பிடித்துக் கழுவியாக வேண்டும்; படத்திற்கு நிற்போர் பல விநாடிகள் அசையாது நிற்க வேண்டும். 1890இல் தொடங்கிய பிளாற்றே நிறுவனம் போன்றவை வெளியிட்ட அஞ்சலட்டைகளிலும் இதே மரபு தொடர்ந்தது. வெயில் பட்ட மலைச்சரிவு, கூடை, கொழுந்து, ‘தமிழ்க் கூலிப் பெண்’ என்றொரு குறிப்பு, அவ்வளவே. அடுப்புப் புகை சூழ்ந்த லயக் காம்பராவுக்குள் அக்கருவி நுழையவில்லை. நுழைந்திருப்பினும் அங்கிருந்த ஒளி அதற்குப் போதாது.

1900இல் ஒரு டொலருக்கு விற்கப்பட்ட கொடாக் பிரௌனி படம் பிடித்தலைச் சாதாரண மக்களின் கைக்குக் கொண்டுவந்தது உண்மையே. ஆனால் அது நல்ல வெயிலை நம்பிய பெட்டி. ஒஸ்கார் பார்ணாக் வடிவமைத்த லைக்கா 1925இல் ஜேர்மனியில் வெளிவந்தது. 1932இல் அதன் இரண்டாம் வகையில் வில்லையோடு இணைந்த தூரமானி பொருத்தப்பட்டது. துரைமாரின் பங்களாவிற்கு எட்டக்கூடிய விலை, நாட்கூலி பெறுவோர் நினைத்தும் பார்க்க முடியாத விலை. யப்பானியர் அதே முறையைக் குறைந்த செலவில் ஆக்கிய பின்னரே நிலைமை மாறியது. கனொன் நிறுவனத்தின் கனோனெற் 1961இலும், ஒலிம்பஸ் 35 ஆர்.சி. 1970இலும், கனோனெற் கியூ.எல். 17இன் மூன்றாம் வகை 1972இலும் வந்தன.

தூரமானிக் கமராவின் செயல் எளியது. சிறிது இடைவெளியிலுள்ள இரு யன்னல்கள் ஒரே பொருளின் இரு உருவங்களைத் தருகின்றன. வில்லையைத் திருப்ப அவை ஒன்றோடொன்று பொருந்தினால் தூரம் சரியாகும். உள்ளே எழுந்து விழும் ஆடி கிடையாது. ஆதலால் சத்தமும் அதிர்வும் குறைவு. கை நடுங்காதவர் விநாடியின் முப்பதில் ஒரு பங்கிலும் தெளிவான படம் பெறலாம். கனோனெற்றின் எஃப் 1.7 திறப்பு மங்கிய ஒளிக்கு ஏற்றது. லயக் காம்பரா பொதுவாகப் பத்தடிக்குப் பன்னிரண்டடி. பத்தடி தள்ளி நின்றால் அதன் 40 மில்லிமீற்றர் வில்லை ஏறத்தாழ ஒன்பதடி அகலத்தைக் கொள்ளும். ஒரு குடும்பம் முழுவதும் அடங்கிவிடும். மின்சாரமே எட்டாதிருந்த லயங்களுக்கு, மின்கலம் இன்றியும் ஷட்டர் இயங்கும் கருவி எத்துணைப் பொருத்தமானது என்பதை விளக்க வேண்டியதில்லை.

இத்தகைய கருவி உலகச் சந்தைக்கு வந்த காலமும் மலையக மக்கள் சிதறிய காலமும் ஒன்றே. 1964 ஒக்டோபரிற் செய்யப்பட்ட சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதி பாதியாக ஏற்றன. உடன்பிறந்தோர் இரு நாட்டவராயினர். தலைமன்னாரிலிருந்து கப்பலேறுவோருக்குக் கடவுச்சீட்டு வேண்டும். கடவுச்சீட்டிற்குப் படம் வேண்டும். ஆகவே தொழிலாளியின் பெயரும் முகமும் சேர்ந்து பதிவான முதற்படம் பலருக்கு அரசாங்கம் கேட்ட படமாகவே அமைந்திருக்கும். 1972 முதல் வழங்கப்பட்ட தேசிய அடையாள அட்டையோ பிரசைகளுக்கே உரியது, நாடற்றோருக்கு அதுவுமில்லை. 1970க்கும் 1977க்கும் இடையே நிலவிய கடும் இறக்குமதிக் கட்டுப்பாட்டிற் கமராவும் அரிதாயிற்று. கட்டுப்பாடு தளர்ந்த சில ஆண்டுகளில், 1984இல், கப்பலும் நின்றது. பிரிந்து சென்றோர் இஸ்தோப்பில் ஒன்றாய் அமர்ந்திருந்த சாதாரண மாலைப்பொழுதுகள் படமாகாமலே போயின. சிறப்பு நாளுக்கு ஸ்ரூடியோவில் எடுக்கும் படம் அந்த இடத்தை நிரப்பாது. அங்கே திரையில் வரைந்த மாளிகை இருக்கும், லயம் இராது.

இன்று பழைய சிறு கமரா ஒன்றை நாடும் மலையக மாணவர், விற்பவர் புகழும் பெயரைப் பாராது தம் வீட்டின் ஒளியையே அளவுகோலாகக் கொள்ளலாம். ஒலிம்பஸ் 410 கிராம். சட்டைப்பைக்குச் சிறிது பெரிது, கோட்டுப் பைக்குச் சரி. ஆனால் திறப்பு எஃப் 2.8 மட்டுமே. கனோனெற் 620 கிராம். இருளில் அதுவே மேல். 1966இல் வந்த றோலை 35 இவ்விரண்டிலும் இலேசானது எனினும் அதில் தூரமானி இல்லை. தூரத்தைக் கண்ணால் மதிப்பிட வேண்டும். ஒலிம்பஸ், கனோனெற் ஆகியவற்றின் ஒளிமானிக்கு அன்று பயன்பட்ட இரசக் கலம் இப்போது உற்பத்தியாவதில்லை. ஆயினும் பிலிம் பெட்டியிலுள்ள வெயில், மேகம், நிழற் குறிப்புகளைக் கொண்டு கையாலேயே அளவு வைக்கலாம். நுவரெலியாப் பனிமூட்டத்தில் ஒளிமானி ஏமாறும்; வெண்மையைக் கண்டு ஒளி மிகுதி என்று காட்டி முகங்களைக் கருக்கிவிடும். ஒரு படி கூடுதலாகத் திறப்பதே முறை. ஈரக்காற்றில் வில்லைக்குள் பூஞ்சணம் படர்வதும் உண்டு. ஆதலின் வாங்குமுன் பின்மூடியைத் திறந்து டோர்ச் வெளிச்சத்தில் வில்லையை ஊடுருவிப் பார்த்தல் வேண்டும். வாங்கிய பின் பழைய தோலுறையிற் பூட்டி வைத்தலாகாது.