குழந்தைக்குக் கிட்னி வீக்கம்: உடனே ஆபரேஷன் தேவையா?

ஐந்தாம் மாத ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'ஹைட்ரோநெஃப்ரோசிஸ்' என்று ஒரு வரி இருந்தால், உடனே போனில் தேடுவீங்க. ஐந்தாவது நிமிஷம் 'ஆபரேஷன்' என்ற வார்த்தை கண்ணில் படும். அன்னிக்குத் தூக்கம் போச்சு! கொஞ்சம் பொறுங்க. கருவிலேயே தெரியவரும் இந்தச் சிறுநீரக வீக்கம் பெரும்பாலும் லேசானதுதான். குழந்தை வளர வளரத் தானாகவே சரியாகிவிடும்.

கடுமையான வீக்கம் வேறு கதை. கிட்னியிலிருந்து சிறுநீரை இறக்கும் குழாய், அது தொடங்கும் இடத்திலேயே பிறவியில் குறுகலாக இருக்கலாம். அப்போது வடியாத தொட்டி மாதிரி கிட்னி உப்பும். உள்ளே சேரும் அழுத்தம் அதன் சதையை மெல்ல நசுக்கும். ஆனால், குழந்தை நல்லா பால் குடிக்கும், சிரிக்கும். இன்னொரு கிட்னி வேலையை இழுத்துப்போட்டுச் செய்வதால் வெளியே ஒண்ணும் தெரியாது. 'பிள்ளை நல்லாத்தானே இருக்கு' என்று அடுத்த ஸ்கேனைத் தள்ளிப்போடுவதுதான் பெரிய ஆபத்து. இழந்த செயல்திறன் முழுசா திரும்பும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பிறந்த முதல் இரண்டு நாள் ஸ்கேனில் வீக்கம் குறைவாகத் தெரியலாம், அதை நம்பியும் விட்டுடாதீங்க.

வீக்கத்தின் அளவை மட்டும் பார்த்து டாக்டர்கள் ஆபரேஷனை முடிவு செய்வதில்லை. ரீனோகிராம் என்ற ஸ்கேன், ஒவ்வொரு கிட்னியும் எத்தனை சதவிகித வேலை செய்கிறது என்று காட்டும். பொதுவாக ஆளுக்குப் பாதி. வீங்கிய கிட்னியின் பங்கு 40 சதவிகிதத்துக்குக் கீழே போனாலோ, அடுத்தடுத்த பரிசோதனைகளில் சரிந்தாலோ, வலியும் தொற்றும் தொடர்ந்தாலோ ஆபரேஷனுக்கு நேரம் வந்துவிட்டது.

அதன் பெயர் பைலோபிளாஸ்டி. குறுகிய பகுதியை வெட்டியெடுத்து, குழாயை அகலமாக மறுபடி கிட்னியோடு தைக்கிறார்கள். ஆண்டர்சன், ஹைன்ஸ் என்ற இருவர் 1949-ல் விவரித்த அதே முறைதான் இன்றும் பிரதானம். பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குப் பலன் தருகிறது. சின்ன வெட்டு போட்டும் செய்யலாம், லேப்ராஸ்கோப்பியிலும் செய்யலாம். கைக்குழந்தைக்கு முதல் வகையே போதும், 'லேப்ராஸ்கோப்பிதான் வேணும்' என்று அடம்பிடிக்க வேண்டியதில்லை.

தையல் ஆறும் வரை உள்ளே ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாய் வைப்பாங்க. சில வாரங்களில் அதை எடுத்தாகணும். மறந்தால் அதன்மேல் கல் படியும். தேதியை போனில் ரிமைண்டராகப் போட்டுடுங்க. ஆபரேஷனுக்குப் பிறகான ஸ்கேனிலும் வீக்கம் தெரிந்தால் பதற வேண்டாம். விரிந்த பை சுருங்க மாதக்கணக்கில் ஆகும்.

ஆண் குழந்தைக்கு இரண்டு கிட்னியும் வீங்கி, சிறுநீர் சொட்டுச் சொட்டாகப் போனால் காத்திருக்கவே கூடாது. சிறுநீர்ப் பாதையில் சவ்வு அடைத்திருக்கலாம்; வெளியே வெட்டில்லாமல் எண்டோஸ்கோப்பியில் அதை நீக்கிவிடலாம்.

கிட்னி வீக்கம் உள்ள குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால், சளிதான் என்று நீங்களே முடிவு பண்ணாம, அன்னிக்கே டாக்டரிடம் காட்டி யூரின் டெஸ்ட் எடுத்துடுங்க.