மின்வரைவின் மௌனம்: எதிர்மறை முடிவின் சான்று மதிப்பு

மூளைச் சேதத்துக்குப் பின் கண் விழித்திருந்தும் சொன்னதற்கு அசையாமல் கிடப்பவர்களிடம் உணர்வு எஞ்சியிருக்கிறதா என அறிய ஈ.ஈ.ஜி. (மூளை மின்னலை) பதிவு உதவும் என்பதில் இன்று பெரிய கருத்து வேறுபாடு இல்லை. எவ்வளவு தூரம் உதவும் என்பதில்தான் தெளிவு போதவில்லை. பதிவில் மறுமொழி தெரிந்தால், கணக்கீடு சரியாக இருக்கும்பட்சத்தில், அது உணர்வுக்குச் சான்று. தெரியாவிட்டால், உணர்வின்மைக்கு அது சான்றாகாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

டேமியன் குரூஸ், ஏட்ரியன் ஓவன் குழுவினர் 2011-இல் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வின் செய்முறை எளியது. ஒலி கேட்கும்போதெல்லாம் வலக்கையை இறுக மூடுவதாக நினைக்க வேண்டும். அடுத்த தொகுதியில் கால்விரல்களை அசைப்பதாக நினைக்க வேண்டும். கை அசைவை நினைத்தாலே இயக்கப் புறணியில் கைக்குரிய பகுதியின் மின்னலைகள் மாறும். கால் என்றால் மாற்றம் தலையின் நடுக்கோட்டை ஒட்டி வரும். இரண்டையும் கணினியால் பிரிக்க முடிந்தால், அவர் கட்டளையைப் புரிந்து, மனத்தில் இருத்தி, நிறைவேற்றியிருக்கிறார் என்றாகிறது. 16 நோயாளிகளில் 3 பேரிடம் இது தெரிந்தது.

2013-இல் கோல்ட்ஃபைன் குழுவினர் அதே தரவை மறுபகுப்பாய்வு செய்து, அந்த மூவரின் முடிவும் நிலைக்காது என்றனர். ஒரே தொகுதியில் அடுத்தடுத்து வரும் பதிவுகள் ஒன்றையொன்று சார்ந்தவை. முதல் கணக்கீடோ அவற்றைத் தனித்தனியானவையாகக் கொண்டது. தசை இறுக்கத்தால் எழும் மின்குறிகளும் கலந்திருந்தன. முறையியல் அளவில் இந்த விமர்சனம் சரியானது என்றே நான் கருதுகிறேன். ஆனால் மூன்று நோயாளிகளைச் சுற்றி எழுந்த வாதத்தில், குரூஸ் குழுவின் கட்டுரையிலிருந்த இன்னோர் எண் உரிய கவனம் பெறவில்லை. உடல்நலமுள்ள 12 பேரில் 9 பேரைத்தான் சோதனை இனங்கண்டது. விழிப்போடு ஒத்துழைத்த மூவரை அது தவறவிட்டது.

ஆய்வின் அளவு கூடியும் இந்தக் குறை மறையவில்லை. போடியன் உள்ளிட்டோரின் 2024 ஆய்வில், படுக்கையருகே கட்டளைக்கு அசையாத 241 பேரில் 60 பேரிடம் மூளைச் செயல்பாட்டைப் படமெடுக்கும் எஃப்.எம்.ஆர்.ஐ. அல்லது ஈ.ஈ.ஜி. வழியே மறுமொழி தென்பட்டது. ஊடகங்கள் பெரிதும் பேசியது இதைத்தான். கட்டளைக்குக் கண்கூடாக அசைந்த 112 பேரில் 43 பேரிடம் மட்டுமே கருவிகள் மறுமொழியைக் கண்டன என்பதே என் வாதத்துக்கு முக்கியம். தணிப்பு மருந்து, செவிக் குறைபாடு, பேச்சைப் புரிந்துகொள்ளும் திறனிழப்பு, அயர்வு என மௌனத்துக்குக் காரணங்கள் பல. எதையும் அலைவடிவம் தனித்துக் காட்டாது.

சிகிச்சையைத் தொடர்வதா என்று முடிவெடுக்க வேண்டிய மருத்துவருக்கு எதிர்மறை முடிவும் வேண்டுமே எனலாம். கிளாசன் குழுவின் 2019 ஆய்வு இதற்கு விடை தருகிறது. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஈ.ஈ.ஜி. மறுமொழி காட்டிய 16 பேரில் 7 பேர் ஓராண்டுக்குப் பின் நாளுக்கு 8 மணி நேரமேனும் பிறர் துணையின்றி இருக்கும் நிலையை எட்டினர். மறுமொழி காட்டாத 84 பேரிலும் 12 பேர் அதை எட்டினர். விகிதத்தில் வேறுபாடு பெரிது. எனினும் அந்த 12 பேரை ஒதுக்கிவிட முடியாது.

காந்தத் தூண்டலுக்கு மூளை தரும் எதிரொலியின் சிக்கல்தன்மையை அளக்கும் மாசிமினி குழுவின் முறைக்கு நோயாளியின் மொழியறிவோ ஒத்துழைப்போ தேவையில்லை. கட்டளைக்கு மறுமொழியை எதிர்பார்க்கும் சோதனைகளின் குறையிலிருந்து விடுபட அது ஒரு வழி. எந்த முறையானாலும் அறிக்கையில் 'உணர்வு இல்லை' என்று எழுதாமல் 'இச்சோதனையில் மறுமொழி கிடைக்கவில்லை' என்று எழுத வேண்டும். பதிவு நேரத்தையும் அப்போது உடலிலிருந்த தணிப்பு மருந்துகளையும் உடன் குறித்து, வேறொரு நாளில் மீண்டும் பதிவு செய்ய வேண்டும்.