நீரிழிவு உடையோரின் தன்னிழிவு உணர்வை அளத்தல்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

ஒரு நோயின் பொருட்டுச் சமூகம் சுமத்தும் பழியை ஒருவர் தாமே உண்மையென ஏற்று, தம்மைத் தாழ்வாகக் கருதும் நிலை தன்னிழிவு உணர்வு எனப்படும். நீரிழிவு உடையவர் விருந்தில் தம் நோயை மறைப்பதும், பணியிடத்தில் இன்சுலின் ஊசியைத் தவிர்ப்பதும் கவனக்குறைவாகவே மதிப்பிடப்படுவதுண்டு. அவற்றின் பின்னே நாணமும் இருக்கக்கூடும். அதனை அளந்தறியும் கருவிகள் உருவான வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

கருத்தாக்கத்தின் தோற்றம்

களங்கம் குறித்து எர்விங் காஃப்மன் 1963இல் வெளியிட்ட நூல், குறை வெளிப்படையாகத் தெரிவோரையும், அது வெளிப்பட்டால் மதிப்பிழக்க நேர்வோரையும் வேறுபடுத்தியது. நீரிழிவு பெரும்பாலும் இரண்டாம் வகையைச் சார்ந்தது. மறைக்க இயல்வதாலேயே மறைக்கும் சுமையும் உடன்வருகிறது. பின்னர், உளநோய் ஆய்வில் பாட்ரிக் கோரிகன் குழுவினர் தன்னிழிவு உணர்வைப் படிநிலைகளாகப் பகுத்தனர். பிறர் எண்ணத்தை அறிதல், அதனோடு உடன்படுதல், அதனைத் தமக்குப் பொருத்திக்கொள்ளுதல், அதனால் தன்மதிப்புக் குறைதல் என்பன அவை. 2006இல் வெளியான அவர்களது அளவுகோல் இப்பகுப்பின் மீதே அமைந்தது.

நீரிழிவுக்கான அளவுகோல்கள்

நீரிழிவுசார் மனத்துயரை அளக்க 1995இல் அமெரிக்காவில் 20 வினாக்கள் கொண்ட அளவுகோல் ஒன்று வெளியானது. குற்றவுணர்வு அதில் இடம்பெற்றபோதும், துயர் நோயால் விளைந்ததா, சமூகப் பழியால் விளைந்ததா எனப் பிரித்தறிவது அதன் நோக்கமன்று. மறைக்கத்தக்க அடையாளமுடைய சிறுபான்மையினருக்காக ஹாங்காங்கில் 2010இல் மாக், சியுங் ஆகியோர் அமைத்த தன்னிழிவு அளவுகோல், இரண்டாம் வகை நீரிழிவு உடையோருக்கென ஜப்பானில் தழுவப்பட்டு 2014இல் வெளியிடப்பட்டது.

ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் நீரிழிவு உடையோரின் கூற்றுகளிலிருந்தே தொடங்கினர். 2016இல் இரண்டாம் வகைக்கென அவர்கள் வெளியிட்ட அளவுகோலின் 19 கூற்றுகள், வேறுபடுத்தி நடத்தப்படுதல், பழியும் தீர்ப்பும், தன்னிழிவு என மூன்று பிரிவுகளாக அமைந்தன. 2017இல் முதல் வகைக்கென வெளியான அளவுகோலில் மூன்றாம் பிரிவு தன்னிழிவாக அன்றி, அடையாளம் குறித்த கவலையாக அமைந்தது. ஒரே பெயர் கொண்ட நோயாயினும் அகத்துயர் ஒன்றன்று என்பதை இவ்வேறுபாடு உணர்த்துகிறது. இரண்டாம் வகை உடையோரே தம் உணவாலும் சோம்பலாலும் நோயை வரவழைத்துக்கொண்டனர் என்னும் பழிக்கு மிகுதியும் ஆளாகின்றனர்.

நோய்ப்பெயரும் அளவீடும்

ஜப்பானிய மொழியில் இந்நோயின் பெயர் சிறுநீரைச் சுட்டும் சொல்லை உள்ளடக்கியது. அப்பெயர் தவறான எண்ணத்திற்கு இடமளிக்கிறது எனக் கருதிய அந்நாட்டு நீரிழிவு அமைப்புகள், 2023இல் ஆங்கிலப் பெயரின் ஒலிபெயர்ப்பை மாற்றாக முன்மொழிந்தன. தமிழுக்கும் இச்சிக்கல் புறம்பானதன்று. ‘நீரிழிவு’ என்பதில் ‘இழி’ என்னும் வினை கீழ்நோக்கிப் பாய்தலைக் குறிக்கும். ஆயின், இன்றைய வழக்கில் ‘இழிவு’ என்பது தாழ்வையே முதன்மையாக நினைவூட்டுகிறது. பேச்சு வழக்கிலோ ‘சர்க்கரை நோய்’, ‘சுகர்’ என்பனவே மிகுதி. எனவே தமிழில் ஓர் அளவுகோலை அமைக்கும்போது எப்பெயரைக் கையாள்வது என்பதும் அளவீட்டின் ஒரு கூறாகிறது. நாணத்தை அளக்கும் வினாவே நாணத்தைத் தூண்டிவிடலாகாது.

முடிவுரை

தன்னிழிவு உணர்வின் அளவீடு பொதுவான மனத்துயரிலிருந்து சமூகப் பழிக்கும், அங்கிருந்து அப்பழியை ஏற்கும் உள்ளத்திற்கும் நகர்ந்துள்ளது. இரத்தச் சர்க்கரையின் அளவு உடலின் நிலையைக் காட்டும். ஊசியை மறைத்து வைத்த காரணத்தைக் காட்டாது. அக்காரணத்தைக் குற்றமாகக் கருதாது கேட்டறிவதே இவ்வளவுகோல்களின் பயனாகும்.